இரண்டு ஏஸையும் கவிழ்த்தவர்

ஏற்காட்டு மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு வளைவு கீழே ஒரு ஓட்டு வீட்டில் குந்தவை இருந்தாள். வயது முப்பத்து நான்கு. போக்கர் என்கிற சீட்டாட்டத்தை மனிதர்களோடு ஆடக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது அவளுடைய வேலையாக இருந்தது. பத்து வருடம் அதைச் செய்தாள். பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரோடு ஆட மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். செய்த பாவத்துக்குப் பரிகாரமா என்று யாராவது கேட்டால் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து செங்கோடன் அவளைத் தேடி வந்தார். ஐம்பத்தேழு வயது. போர்வெல் வண்டிக்காரர். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்தவர். அவர் பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும். அன்றைக்கு அந்தக் குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"என்ன வேணுமுங்க அண்ணா?" என்று கேட்டாள் குந்தவை.

"ஒரே ஒரு கேள்விங்க அம்மணி. போன்ல மிஷினுங்க கூட டோர்னமெண்ட் ஆடறேன். மொத்தம் ஒம்பது பேரு. எப்பவும் நாலாவதா வந்து வெளிய போயிர்றேன். கடைசியில நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பயமில்லாம ஆடறது எப்படீங்க?"

"எத்தன நாளா ஆடறீங்க?"

"நாலு மாசமா."

"அதுக்கு முன்னால?"

"சீட்டையே தொட்டதில்லீங்க."

குந்தவை அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் எதற்கோ எடுத்த ஸ்கேனில் அவருடைய வயிற்றுக்குள் ஒரு கோளாறு தெரிந்தது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்திருந்தது. அது வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட வந்து சேர முடியாது என்றார் டாக்டர். இப்போதே ஆபரேஷன் செய்துகொண்டால், இவரைப் போன்ற நூறு பேரில் தொண்ணூறு பேர் நன்றாக எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார். செங்கோடன் காதில் மீதிப் பத்துப் பேர் மட்டும் விழுந்தார்கள்.

இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் போகவில்லை. மூன்றாவது தேதி வருகிற வெள்ளிக்கிழமை. புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் போன் செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான், அதுவரை தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி நாச்சாயி அழுது பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டே இருந்தார். கடைசியில் மலைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

குந்தவையின் கூடத்தில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி எட்டுப் பழைய கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நம்பர் ஒட்டிய காகிதம். எட்டையும் ஒரு போனுக்குள் அடக்கியிருக்கலாம். ஆனால் எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தால்தான் ஆடுகிறவனுக்குப் பயம் வரும், பயம் வந்தால்தான் பாடம் நடக்கும் என்பது அவளுடைய கட்சி. ஒன்பதாவது இடம் வந்தவருக்கு.

"எல்லாத்துக்கும் பத்தாயிரம் டோக்கன்" என்றாள். "கையில ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு. ஒவ்வொரு தடவ சீட்டுப் போடறப்பவும் முறை வச்சு ரெண்டு பேரு கட்டாயமாப் பந்தயம் போடோணும். சீட்டு நல்லா வந்தாலும் சரி, வராட்டியும் சரி. கால்மணி நேரத்துக்கு ஒருக்கா அந்தக் கட்டாயப் பந்தயம் கொஞ்சம் ஏறும். டோக்கன் தீந்தவங்க வெளிய. கடைசியா மிஞ்சறவங்க ஜெயிச்சாங்க. இந்த வீட்ல ரெண்டாவது பரிசெல்லாம் கெடையாதுங்க."

திங்கட்கிழமை செங்கோடன் ஆடினார். ஆடினார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். சீட்டு வரும், பார்ப்பார், இந்த ஆட்டம் வேண்டாமென்று கவிழ்த்துவிடுவார். மறுபடி வரும், மறுபடி கவிழ்ப்பார். எந்திரங்கள் ஒன்றோடொன்று மோதி ஒவ்வொன்றாக வெளியேறின. மதியத்துக்குள் ஐந்து போய்விட்டன. அதற்குள் கட்டாயப் பந்தயம் அவருடைய பத்தாயிரத்தை அரித்து இரண்டாயிரத்துக்குக் கொண்டுவந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதை மொத்தமாகப் பந்தயத்தில் தள்ளினார். ஏழாம் நம்பர் உடனே அதே அளவு வைத்து எதிர்த்து நின்று அதையும் வாங்கிக்கொண்டது.

"அஞ்சு மிஷினைத் தாண்டிட்டனுங்க அம்மணி" என்றார், கொஞ்சம் பெருமையாக.

"எந்தச் சீட்டுல தோத்தீங்க?"

யோசித்துப் பார்த்தார். சொல்லத் தெரியவில்லை.

"ஏழாம் நம்பர் உங்கள எதிர்த்து நின்னப்ப அதுங்கையில என்ன இருந்துச்சு தெரியுங்களா? ஒரு மூணு, ஒரு எட்டு. குப்பை. அத வச்சுக்கிட்டு எப்படி நின்னுச்சு?"

"அதுக்குப் பயமில்லீங்க. மிஷினு."

"மிஷினு ஆளப் பாக்காது, அண்ணா. தள்ளுனது எத்தனைன்னு பாக்கும். பத்தாயிரத்தத் தள்ளியிருந்தீங்கன்னா கணக்குப் போட்டு ஒதுங்கியிருக்கும். ரெண்டாயிரத்துக்கு யாரு ஒதுங்குவா?"

அவர் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரி ஆட்டினார்.

"என்ர கேள்விக்கு நீங்க பதில் சொல்லலீங்களே. பயமில்லாம ஆடறது எப்படி?"

"இதா, இந்த எட்டும் பயமில்லாமத்தான் ஆடுது" என்றாள் குந்தவை. "தினமும் அதுல ஏழு மிஷினாச்சும் தோத்துப்போகுது."

செவ்வாய்க்கிழமை காலை மூன்று எந்திரங்கள் போன பிறகு செங்கோடனுக்கு இரண்டு ஏஸ் வந்தது. போக்கரில் அதைவிடப் பெரிய சீட்டு கையில் வருவதற்கில்லை. வருடக்கணக்காக ஆடுகிறவர்கள்கூட அதைப் பார்த்தால் மூச்சை ஒரு நொடி பிடிப்பார்கள். செங்கோடன் பார்த்தார். தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டார். பிறகு இரண்டையும் கவிழ்த்துவிட்டார்.

குந்தவை நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"அண்ணா! என்ன பண்ணுனீங்க?"

"நாலாம் நம்பருக்கு ஏதோ பெருசா வந்திருக்குதுங்க."

"உங்ககிட்ட இருந்ததவிடப் பெருசு இல்லவே இல்ல. அதுக்கு வந்திருக்குதுன்னு யாரு சொன்னா?"

"சத்தம் மாறுச்சுங்க. கேக்கலீங்களா? உர்ருன்னு ஏறுது பாருங்க."

அவர் சொன்னது உண்மைதான். நாலாம் நம்பர் கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"போர் போடறப்ப, துளைக்கற சுத்தியல் நானூறு அடிக்குக் கீழ போனாலும் மேலயிருந்தே சொல்லீருவனுங்க" என்றார். "பாறையில வெடிப்பு வர்றதுக்கு முன்னால சுத்தியல் சத்தம் மாறும். முப்பது வருசத்துல என்ர காது ஏமாந்ததில்ல. நேத்தும் இதக் கேட்டுத்தான் கவுத்துனேன். மிஷினு கஷ்டப்பட்டு யோசிச்சா சத்தம் ஏறுது."

குந்தவை குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெயின்ட் அடிக்கிற ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்து வந்தாள். நாலாம் நம்பரை அணைத்து, அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். விசிறி முழுக்கத் தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி. பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஊதி, மறுபடி மூடிப் போட்டாள். சத்தம் போன இடம் தெரியவில்லை.

"நாலாம் நம்பர் அதோட சீட்ட உங்களுக்கு முன்னாலயே கவுத்திருச்சுங்க" என்றாள். "திரையில போட்டிருந்துச்சு. நீங்க பாக்கல, கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தாள். ஆனால் செங்கோடன் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இத்தன நாளா கேட்டுட்டிருந்தது?" என்றார்.

"எத?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால் வயிற்றுக்குள் அது அடித்துக்கொள்வது அவருக்குத் தெரிகிறது. கையை வைத்து அதையே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே சீராக அடித்தால் இன்றைக்குப் பரவாயில்லை. மோசமாகப் போகிறதென்றால் அதற்கு முன்னால் துடிப்பு மாறும், மாறினால் நம் காதுக்குத் தெரியாமல் போகாது, தெரிந்தவுடன் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். நான்கு மாதமாக இந்த நம்பிக்கையில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

"மாறுமுன்னு டாக்டர் சொன்னாருங்களா?"

"சொல்லாம கொள்ளாம வெடிக்குமுன்னாரு."

"எப்ப வர்றேன்னு சொல்லோணும்?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

குந்தவை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவள் சீட்டுக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தவள். எதிரில் இருப்பவர் டோக்கனைத் தவிர வேறொன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஆடியது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"டாக்டர்கிட்ட கேக்கறத எங்கிட்ட கேட்டா எப்படீங்க அண்ணா?"

"டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. படம் போட்டுக்கூடக் காட்டுனாரு. எனக்குத்தான் கை வரமாட்டேங்குது."

அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. வெளியே மூடுபனி இறங்கி சன்னல் கம்பி நனைந்தது. அவர் சன்னல் பக்கமாக உட்கார்ந்து, கையை வயிற்றிலிருந்து எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. சுவரில் கடிகாரம் மட்டும் இருந்தது.

அன்று அவர் கொஞ்சம் ஆடினார். ஒரு ஜோடி வந்தபோது துணிந்து பந்தயம் வைத்தார். ஆறாம் நம்பர் ஒதுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வைத்தார், ஜெயித்தார். பதினொன்றே கால் ஆனபோது இரண்டாம் நம்பர், ஐந்தாம் நம்பர், செங்கோடன் என்று மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். நான்கு மாதத்தில் அவர் இவ்வளவு தூரம் வந்ததில்லை. வந்தவுடன் பழைய நோய் பிடித்துக்கொண்டது. வருகிற சீட்டையெல்லாம் கவிழ்க்க ஆரம்பித்தார். டோக்கன் கரைந்தது.

குந்தவை எழுந்து வந்து அவருடைய விசைப்பலகையில் எதையோ தட்டினாள். மிஞ்சிய இரண்டு எந்திரங்களின் திரைகளிலும் மூடியிருந்த சீட்டுகள் திறந்துகொண்டன.

"என்னங்க இது?"

"அதுங்க கையில இருக்கறது இனி உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமுன்னு அதுங்களுக்குத் தெரியாது. எத்தனையோ பேரு கேட்டிருக்காங்க, யாருக்கும் செஞ்சதில்ல. இப்ப ஆடுங்க."

அடுத்த சீட்டு விழுந்தது. ஐந்தாம் நம்பர் கவிழ்த்துவிட்டது. இரண்டாம் நம்பரிடம் இரண்டு ஒன்பது. அது பந்தயம் வைத்தது. செங்கோடன் தன் சீட்டைப் பார்த்தார். இரண்டு ராஜா.

"தள்ளுங்க" என்றாள்.

அவர் கை விசைக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவங்கிட்ட ஒம்பது. உங்ககிட்ட ராஜா. இன்னும் என்னங்க தெரியோணும்?"

"இனி நடுவுல வந்து விழுகற அஞ்சு சீட்டு என்னன்னு தெரியலீங்களே."

"அது எனக்கும் தெரியாது. மிஷினுக்கும் தெரியாது."

"அதுல ஒம்பது வந்து, அவனுக்கு மூணு ஒம்பதாயிட்டா?"

"வரலாம். நூத்துக்கு இருவது தடவ அவன் ஜெயிப்பான். எம்பது தடவ நீங்க ஜெயிப்பீங்க."

"இருவது தடவைங்க அம்மணி!"

"குடியானவங்க தோட்டத்துல போர் போடறப்ப, தண்ணி வராம நின்னா அவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"துணிஞ்சு இன்னும் நூறடி போடுங்கன்னு சொல்லுவேன்."

"எப்படி அத்தன சுலபமாச் சொன்னீங்க?"

செங்கோடன் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "அடுத்தவன் தோட்டமாச்சேங்க" என்றார்.

கட்டாயப் பந்தயம் மறுபடி ஏற இரண்டு நிமிடம் இருந்தது. எதிரிகளின் சீட்டெல்லாம் வெட்டவெளிச்சமாகக் கிடந்தது. இருந்தும் அவருக்குப் பயம் துளிகூடக் குறையவில்லை. எதிரி கையில் இருப்பது தெரிந்தால் பயம் போய்விடும் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். தெரிந்த பிறகும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கண்டு திகைத்துப்போனார். குந்தவையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு மொத்த டோக்கனையும் தள்ளினார்.

இரண்டாம் நம்பர் எதிர்த்து நின்றது. நடுவில் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நாலு. ஒரு ராணி. ஒரு ஏழு. நான்காவதாக ஒரு இரண்டு. செங்கோடன் மூச்சு விட்டார். இனி மீதியிருக்கும் நாற்பத்திரண்டு சீட்டில் இரண்டே இரண்டுதான் அவரை வீழ்த்த முடியும்.

ஐந்தாவது சீட்டு, கிளாவர் ஒன்பது.

அவருடைய திரை கறுத்தது. ஆட்டம் முடிந்தது என்று ஒரு வரி வந்து நின்றது. எந்திரங்கள் இரண்டும் அவரை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்கு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டன.

செங்கோடன் கையை விசையிலிருந்து எடுத்தார். அந்தக் கறுத்த திரையைக் குழிக்குள் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். குந்தவைக்கு அழுகை வரும்போல இருந்தது. இன்றைக்கென்று பார்த்து அந்த ஒன்பது வந்து தொலைக்க வேண்டுமா என்று தன் எந்திரத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பேசாமல் ஜெயிக்கிற மாதிரி ஒரு ஆட்டத்தைச் செட்டப் செய்து வைத்திருக்கலாம். அவளால் முடியும். அவள் செய்யவில்லை.

"இப்படியும் ஆகுமுங்களா?" என்று கேட்டார் செங்கோடன்.

"ஆகும்."

"நான் தப்பா ஆடிட்டனுங்களா?"

"இல்லீங்க."

"இனியொருக்கா இதே சீட்டு வந்தா?"

"தள்ளோணும்."

"அதுக்கப்புறம் வந்தா?"

"அப்பவும்."

மணி பதினொன்றே முக்கால். செங்கோடன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி தப்பாக அழுத்தினார். குந்தவை உதவிக்குக் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுக்கவில்லை. மூன்றாவது முறை சரியாக விழுந்தது.

அந்தப் பக்கம் ஒரு பெண் பேரைக் கேட்டாள். சொன்னார். வருகிறீர்களா என்று கேட்டாள்.

செங்கோடன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஹலோ, ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தக் குரல் இரண்டு முறை கேட்டது. கூடம் முழுக்க அது கேட்டது.

"இருக்கறனுங்க" என்றார் செங்கோடன். "வர்றேன். வெள்ளிக்கிழமைக்கு எழுதிக்கங்க. நாளைக்குப் பொழுதோட என்ர சம்சாரத்தக் கூட்டிட்டு வந்தர்றேன்."

போனை மேஜை மேல் வைத்தார். நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இப்போது இருந்த பயம், அந்த நான்கு மாதத்தில் எந்த நாளும் இருந்ததில்லை.

"அம்மணி."

"சொல்லுங்க அண்ணா."

"வெள்ளிக்கிழமையும் அந்தக் கடைசிச் சீட்டே வந்துருச்சுன்னா?"

வராது என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்தாலும், அண்ணா, உங்க கையில இருக்கற சீட்டக் கவுத்துங்கன்னு நான் சொல்லியிருக்க மாட்டனுங்க."